அம்மாவும் நாற்பது காலன் தண்ணீரும்

செவ்வாய், நவம்பர் 21, 2023. பேக்கர்ஸ்ஃபீல்ட்

ராத்திரி எட்டரை. குழந்தைகள் இரண்டும் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இருக்கிற படுக்கையில் ஏறிவிட்டார்கள். இனி கீழே இறங்க மாட்டார்களாம். அம்மா பின்பக்கத்துக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருக்கிறார். நானும் இவரும் சாப்பாட்டு மேசையை மடக்கி, அதையே படுக்கையாக்கிக்கொள்ளப் போகிறோம்.

தேங்க்ஸ்கிவிங் வாரம் முழுக்கப் பள்ளி விடுமுறை. அம்மா தூத்துக்குடியிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது, ஃப்ரீமாண்ட்டில் எங்கள் வீட்டையும் கோயிலையும் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. முட்டுவலி. காரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இறங்கி நடக்க வேண்டும். அதைவிட முக்கியம், கழிப்பறை எங்கே வரும் என்ற பயத்தில் பயணம் என்றாலே முதல் நாளிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார். நம் ஊர்ப் பெண்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு, யாரும் வெளியே சொல்வதில்லை. அதனால்தான் இந்த முறை ஆர்.வி., அதாவது நடமாடும் வீடு மாதிரி ஒரு வண்டி. சமையலறை, கழிப்பறை, கட்டில் எல்லாம் கூடவே வரும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வண்டி 27 அடி நீளம். வாடகைக்குக் கொடுத்த இடத்தில் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார்கள். நல்ல தண்ணீர் டேங்க் 40 காலன், அதாவது 150 லிட்டர். குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் ‘கிரே’ டேங்குக்குப் போகும். கழிப்பறைக் கழிவு ‘பிளாக்’ டேங்குக்கு. இரண்டும் நிறைந்தால் டம்ப் ஸ்டேஷனில், அதாவது கழிவு கொட்டும் இடத்தில், குழாய் மாட்டித் திறந்துவிட வேண்டும், முதலில் பிளாக், பிறகு கிரே, அப்போதுதான் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். இவர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டார். அம்மாவுக்கு நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“நூத்தம்பது லிட்டருன்னா பத்து கொடம். எத்தன நாளைக்கு?”

நாளை போகிற இடத்தில் மூன்று ராத்திரி ஹூக்கப் கிடையாது, மின்சாரம், தண்ணீர், சாக்கடை எந்த இணைப்பும் இருக்காது என்றேன்.

“அஞ்சு பேருக்கு மூணு நாளு பத்து கொடம். தாராளம்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

ஐந்தாம் நெடுஞ்சாலையில் 250 மைல். பக்கத்திலேயே கலிஃபோர்னியா கால்வாய் விட்டு விட்டுக் கண்ணில் பட்டுக்கொண்டு வந்தது. ஒரு வளைவில் மேல் அலமாரி திறந்து தட்டுகள் எல்லாம் விழுந்தன. கிளம்பும் முன் ஒவ்வொரு கதவையும் தள்ளிப் பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. அம்மாவின் அகல் விளக்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அரிசிப் பைக்குள் புதைத்து வைத்திருந்தார். ஆமாம், ஞாயிற்றுக்கிழமை திருக்கார்த்திகை. எங்கே இருந்தாலும் விளக்கு ஏற்றியாக வேண்டும் என்பது அம்மா போட்ட ஒரே நிபந்தனை.

இன்று தங்குவது ஆரஞ்சுத் தோப்புக்குள் இருக்கிற ஆர்.வி. பார்க். வரிசையாக மரங்கள், நடுவே வண்டிகள். தங்குகிறவர்கள் பழம் பறித்துக்கொள்ளலாம். மகள் ஒரு பை நிறையப் பறித்துவிட்டாள்.

புதன், நவம்பர் 22. ஃபர்னஸ் கிரீக், டெத் வேலி

இங்கே செல்போன் சிக்னல் சரியாக இல்லை. எழுதி வைக்கிறேன், கிடைக்கிறபோது ஏற்றுவேன்.

காலையில் தெஹாச்சபி மலை ஏறினோம். அங்கே 1876-இல் போட்ட ரயில் பாதை மலையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துத் தன் மேலேயே ஏறிப் போகிறது. நீளமான சரக்கு ரயில் என்றால் அதன் தலை, வாலுக்கு மேலே போகும். எங்கள் நேரம், ஒரு ரயில் வந்தது. மகன் இன்னும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான்.

அப்புறம் மொஹாவி, 395-ஆம் நெடுஞ்சாலை, ஓலாஞ்சாவில் திரும்பி 190. பனமின்ட் பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபடி டவுன் கணவாயில் 4,956 அடிக்கு ஏறி, அங்கிருந்து கடல் மட்டத்துக்குக் கீழே வரை ஒரே இறக்கம். இந்த எடைக்கு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடாகிவிடும். இவர் கியரைக் குறைத்து, இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறக்கினார். அம்மா கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு வந்தார். இறங்கி முடித்ததும், “மாப்பிள்ள, நல்லா ஓட்டுனீங்க” என்றார். “உங்க கவசம்தான் அத்தை” என்றார் இவர்.

தங்குமிடம் கூழாங்கல் பரப்பிய ஒரு பெரிய மைதானம். மரம் கிடையாது. சுற்றிலும் மலை, மலையில் ஒரு புல் கிடையாது. ஆனால் நாலரை மணிக்கு வெயில் சாய்ந்தபோது அந்த மொட்டை மலைகள் காவி, ஊதா, ரோஜா என்று மாறிக்கொண்டே போயின. அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், இருட்டும் வரை எழுந்திருக்கவில்லை.

வியாழன், நவம்பர் 23. ஃபர்னஸ் கிரீக்

ராத்திரி மூன்று மணிக்கு ‘பீப்... பீப்’ என்று சத்தம். எழுந்து பார்த்தால் ஹீட்டர் நின்றிருக்கிறது, விளக்கு மங்கிக் கிடக்கிறது, கீழே இருக்கிற கேஸ் கசிவு காட்டும் கருவி கத்துகிறது. கேஸ் கசிவோ என்று பயந்து எல்லோரையும் எழுப்பி வெளியே கூட்டிப்போனேன். குளிர் நடுக்கியது. வாசனை எதுவும் இல்லை. பாதி ராத்திரியில் யாரைக் கேட்பது? கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தோம்.

ஏழு மணிக்குப் பக்கத்து வண்டிக்காரர் காபிக் கோப்பையோடு வெளியே வந்தார். ஆரிகனிலிருந்து வந்திருக்கிறார், ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். விஷயத்தைச் சொன்னதும் மல்டிமீட்டரை எடுத்து வந்து பேட்டரியில் வைத்தார். 11.4 வோல்ட். முழுதாக ஏறியிருந்தால் 12.6 காட்ட வேண்டும், 12.1-க்குக் கீழே இறக்கவே கூடாது, பேட்டரி கெட்டுவிடும் என்றார். நடந்தது இதுதான்: ஹீட்டர் எரிவது புரொப்பேன் கேஸில், ஆனால் சூட்டை உள்ளே தள்ளுகிற விசிறி ஓடுவது பேட்டரியில். குழந்தைகளுக்குக் குளிருமே என்று 72 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு வைத்துவிட்டோம், விசிறி நிற்காமல் ஓடிப் பேட்டரியைக் காலி செய்துவிட்டது. மின்னழுத்தம் குறைந்ததால்தான் கருவி கத்தியிருக்கிறது. பாடம் நடத்திய இடத்தில் இதை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. முதல்முறை எடுக்கிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

பேட்டரி இறங்கிவிட்டால் ஜெனரேட்டரும் கிளம்பாது, அதற்கும் அதே பேட்டரிதான். வண்டி இன்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அப்புறம் ஜெனரேட்டரைப் போடச் சொன்னார். இங்கே காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரைதான் ஜெனரேட்டர் போட அனுமதி. அதனால் தினமும் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை ஓட்டிப் பேட்டரியை நிரப்பிக்கொள்ளுங்கள், ராத்திரி ஹீட்டரை 58-இல் வைத்துவிட்டு நன்றாகப் போர்த்திக்கொள்ளுங்கள் என்றார். அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவரும் கும்பிட்டார்.

பத்து மணிக்குமேல் பேட்வாட்டர். இங்கிருந்து 17 மைல் தெற்கே. வட அமெரிக்காவிலேயே தாழ்வான இடம், கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே. பின்னால் இருக்கிற பாறையில், தலையை நன்றாக அண்ணாந்து பார்த்தால் தெரிகிற உயரத்தில், ‘கடல் மட்டம்’ என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். அங்கே வரைக்கும் தண்ணீர் நிற்பதாக நினைத்துப் பார் என்று மகளிடம் சொன்னேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் எதிர்பார்க்காதது, அங்கே நிஜமாகவே தண்ணீர் நின்றது. ஆகஸ்ட் 20-ஆம் தேதி, ஹிலரி புயலின் மிச்ச மழை ஒரே நாளில் 2.2 அங்குலம் கொட்டியிருக்கிறது. இங்கே ஒரு வருஷத்துக்குப் பெய்கிற மழையே ஏறக்குறைய அவ்வளவுதான். சாலைகள் அரித்துப் போய் இரண்டு மாதம் இந்தத் தேசியப் பூங்காவையே மூடி வைத்து, அக்டோபர் நடுவில்தான் திறந்தார்கள். பனியூழிக் காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கை நிறைத்திருந்த ஏரிக்கு மேன்லி ஏரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது மறுபடி வந்து படுத்துக்கொண்ட மாதிரி, கணுக்கால் அளவுத் தண்ணீர், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. எதிரே 11,049 அடி டெலஸ்கோப் சிகரம் தலைகீழாக அதில் தெரிந்தது.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்குப் போனார். முட்டுவலியோடு மெதுவாகக் குந்தி உட்கார்ந்தார். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். தண்ணீர் மேலே விரலை வைத்து லேசாக ஒதுக்கினார். விரலில் கண்ணாடி மாதிரி மெல்லிய ஒரு படலம் ஒட்டிக்கொண்டு வந்தது.

“ஏட்டி, இங்க பாரு. ஏடு பிடிச்சிருக்கு.”

பாலில் ஆடை படிகிற மாதிரி உப்பு முதலில் தண்ணீர் மேலே ஏடாகத்தான் படியுமாம். பிறகு கனம் தாங்காமல் அடியில் இறங்கி உட்காரும். என் ஆச்சி, அதாவது அம்மாவின் அம்மா, தூத்துக்குடி உப்பளத்தில் கூலிக்குப் போனவர். அம்மாவும் பத்து வயது வரை கூடவே போயிருக்கிறார். பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பு வாரி வரப்பில் குவிப்பது, கால் வெடிப்பில் உப்பு ஏறி எரிவது, குடிக்கிற தண்ணீர் ஒரு குடத்தை நாள் முழுக்க வைத்துக்கொள்வது என்று இதையெல்லாம் சின்ன வயதில் துண்டுதுண்டாகக் கேட்டிருக்கிறேன். இன்று அவர் என் பிள்ளைகளை இரண்டு பக்கமும் உட்கார வைத்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னார். விரலை நக்கிப் பார்த்தார். “நல்ல உப்புதான். கடேசியில கொஞ்சம் கசக்கு. தண்ணி வத்தி வத்தி வந்திருக்குல்லா, அப்பிடித்தான் இருக்கும்.” வெயிலை அண்ணாந்து பார்த்தார். “இந்த வெயில் காணாது. பங்குனி வெயில் அடிச்சா இங்ஙன வாரிரலாம்.”

“ஆச்சி, கொஞ்சம் எடுத்துட்டுப் போலாமா?” என்றான் மகன். பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்றேன். அம்மா அவன் உள்ளங்கையில் ஒட்டியிருந்ததைத் தட்டி அங்கேயே போட்டுவிட்டார்.

வண்டிக்குத் திரும்பிய பிறகும் அம்மா காலைக் கழுவவில்லை. ஒரு துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டார். நேற்றிலிருந்தே கவனிக்கிறேன். சாப்பிட்ட தட்டை முதலில் காகிதத்தால் வழித்துத் துடைத்துவிட்டு, அரைச் செம்புத் தண்ணீரில் ஐந்து தட்டும் கழுவிவிடுகிறார். அரிசி களைந்த தண்ணீரில் காய் கழுவுகிறார், அதே தண்ணீரில் எண்ணெய்ச் சட்டி ஊறுகிறது. குளியல் ஆளுக்குக் கால் வாளி. ஷவரைத் திறந்தால் சூடான தண்ணீர் வரும் வரை வீணாக ஓடுகிறதல்லவா, அதை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு வைத்துவிட்டார். இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ஆர்.வி.யில் வருஷக்கணக்காக வாழ்கிறவர்கள் கற்றுக்கொள்கிற வித்தைகள் எல்லாம் அவர் கையில் ஏற்கெனவே இருக்கின்றன.

சாயங்காலம் தேங்க்ஸ்கிவிங் விருந்து. மூன்று அடுப்பில் அம்மாவும் நானும் சமைத்தோம். மஞ்சள் பூசணி போட்டுப் புளிக்குழம்பு, உருளைக்கிழங்குப் பொரியல், ரசம், அப்பளம். பக்கத்து வண்டிக்காரரையும் அவர் மனைவியையும் கூப்பிட்டோம். அவர்கள் வான்கோழித் துண்டும் பூசணியில் செய்த ‘பை’ என்கிற இனிப்பும் கொண்டு வந்தார்கள். ஒரே காய்க்கு இரண்டு ருசி. இரண்டு வண்டிக்கும் நடுவே மேசை, மேலே முக்கால் நிலா. அவர்கள் வீட்டு வழக்கப்படி, சாப்பிடும் முன் ஆளுக்கு ஒன்று, எதற்கு நன்றி என்று சொல்ல வேண்டும். மகன் ரயிலுக்கு என்றான். இவர் மல்டிமீட்டருக்கு என்றார். அம்மா முறை வந்தபோது நான் மொழிபெயர்க்கத் தயாரானேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்கம்மையை நெனைச்சேன்னு சொல்லு” என்றார். சொன்னேன். அந்த அம்மாள் எழுந்து வந்து என் அம்மாவின் தோளில் கை வைத்தார்.

வெள்ளி, நவம்பர் 24. ஃபர்னஸ் கிரீக்

ராத்திரி பேட்டரி தாங்கியது. காலையில் 12.3.

விடியற்காலை ஸப்ரிஸ்கி பாயின்ட். பொன்னிற மேடுகள் மேல் முதல் வெயில். எல்லோரும் படம் எடுக்கிற இடம், நாங்களும் எடுத்தோம். ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ்’ சாலையில் 25 அடிக்கு மேல் நீளமான வண்டி போகக் கூடாது, அதனால் அது இல்லை.

என் மனதில் நின்றது ஹார்மனி போராக்ஸ் ஆலை. 1883-இலிருந்து 1888 வரை ஐந்தே வருஷம் நடந்தது. இங்கிருந்து போராக்ஸை மொஹாவி ரயில் நிலையத்துக்கு 165 மைல், பத்து நாள் பயணமாக வண்டி கட்டிக் கொண்டுபோனார்கள். கோவேறு கழுதையும் குதிரையுமாக இருபது விலங்குகள், இரண்டு பெரிய மரவண்டி, அவற்றுக்குப் பின்னால் 1,200 காலன் தண்ணீர்த் தொட்டி. பழைய வண்டி ஒன்று அப்படியே நிற்கிறது, சக்கரம் என் தலையைவிட உயரம். “அப்பமே வண்டிக்குப் பின்னால தண்ணியக் கட்டித்தான் இழுத்திருக்கான்” என்றார் அம்மா.

போராக்ஸ் என்றால் என்ன என்று கேட்டார். எனக்குத் தமிழ்ப் பெயர் உடனே வரவில்லை. கொஞ்சம் யோசித்து வெங்காரம் என்றேன். அம்மா முகம் மலர்ந்துவிட்டது. “நம்ம ஆசாரி கடையில இருக்குமே, நகை பத்த வைக்க!” பொற்கொல்லர் நகையை ஒட்டும்போது இணைப்பில் வெங்காரப் பொடி வைத்துத்தான் ஊதுவார். ‘பொடி வைத்துப் பேசுவது’ என்று நாம் சொல்வது அங்கிருந்து வந்ததுதான் என்று அம்மா சொன்னார். டெத் வேலியில் நின்றுகொண்டு தூத்துக்குடி ஆசாரி கடையைப் பற்றி அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

“இங்க ஆளே இருந்ததில்லையா?” என்று கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இருந்தார்கள், இருக்கிறார்கள். திம்பிஷா ஷோஷோனி மக்கள். கோடையில் மலைக்கு ஏறுவதும் குளிர்காலத்தில் பள்ளத்தாக்குக்கு இறங்குவதுமாகக் காலங்காலமாக வாழ்ந்தவர்கள். 1849-இல் தங்கம் தேடிக் குறுக்கு வழியில் வந்து சிக்கிக்கொண்ட கூட்டம் வைத்துவிட்டுப் போனதுதான் ‘சாவுப் பள்ளத்தாக்கு’ என்ற பெயர். 1933-இல் இந்த இடத்தை நினைவுச் சின்னமாக அறிவித்தபோது சொந்த மண்ணிலேயே அவர்களுக்கு உரிமை இல்லாமல் போனது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் நிலத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. நாங்கள் தங்கியிருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே அவர்கள் கிராமம் இருக்கிறது. “பொறந்து வளந்த எடத்தப் போயி எவனாவது சாவுன்னு பேரு வைப்பானா” என்று அம்மா வருத்தப்பட்டார். எனக்கும் அந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் இனி அது நினைவுக்கு வரும்.

ராத்திரி நிலாவுக்குப் பக்கத்தில் வியாழன் கிரகம் பளிச்சென்று நின்றது. தண்ணீர் அளவு காட்டும் விளக்கு மூன்றில் ஒரு பங்கு என்கிறது. நாளை வரை போதும்.

சனி, நவம்பர் 25. லோன் பைன்

காலையில் டம்ப் ஸ்டேஷன். கையுறை போட்டுக்கொண்டு, முதலில் பிளாக், பிறகு கிரே. இவர் செய்தார், நான் குழாயைப் பிடித்தேன். பத்து நிமிஷ வேலை, பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. பெட்ரோல் மட்டும் பள்ளத்தாக்குக்குள் நிரப்பாமல் வருவது நல்லது, விலை அப்படி. எங்களுக்குக் காலனுக்கு எட்டரை மைல்தான் கிடைக்கிறது.

வழியில் ஓவன்ஸ் ஏரி. ஏரி என்பது பெயரில்தான். ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் ஆற்றைக் கால்வாய் வெட்டி 1913-இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குத் திருப்பினார்கள். 1920-களிலேயே ஏரி வற்றி, அடியில் இருந்த உப்பும் புழுதியும் பறக்க ஆரம்பித்தன. புழுதியை அடக்க இப்போது அந்த நகரமே அங்கங்கே தண்ணீர் விடுகிறது. பேட்வாட்டரில் மழை கொண்டுவந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு, மனிதர்கள் எடுத்துக்கொண்டுபோன தண்ணீரின் இடம் தெரிந்தது. அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

லோன் பைனில் சிக்னல் இருக்கிறது. முதல் வேலையாக அம்மா தம்பிக்கு வீடியோ கால் போட்டு, வண்டி முழுக்கச் சுற்றிக் காட்டிவிட்டார்.

ஞாயிறு, நவம்பர் 26. பேக்கர்ஸ்ஃபீல்ட்

இன்றைய நாளை முழுசாக எழுதிவிட வேண்டும்.

காலை நாலே காலுக்கு அம்மா என்னை எழுப்பினார். திருவண்ணாமலையில் மாலை ஆறு மணி என்றால் இங்கே விடிகாலை நாலரை. போர்வையோடு இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து போனில் நேரலை பார்த்தோம். கோயிலுக்குள் அர்த்தநாரீசுவரர் வெளியே வந்த அந்தச் சில நொடிகள், பிறகு மலை உச்சியில் கொப்பரையில் தீபம். “அரோகரா” என்று அம்மா வாய்க்குள் சொன்னார், குழந்தைகள் எழுந்துவிடக் கூடாதே என்று. வெளியே நிலா மேற்கே மலைத்தொடர் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் தூக்கம் வரவில்லை. காபி போட்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மேற்கே பார்த்து நாற்காலி போட்டோம். விட்னி சிகரம் அங்கேதான் இருக்கிறது. 14,505 அடி, அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவிலேயே உயரம். ஊரிலிருந்து பார்த்தால் அதற்கு இடப்பக்கம் இருக்கிற லோன் பைன் சிகரம்தான் பெரிதாகத் தெரியும், பக்கத்தில் இருப்பதால். எது விட்னி என்று அம்மாவுக்குக் காட்டத் திணறிக்கொண்டிருந்தேன். கைவிரல் மரத்துப்போகிற குளிர்.

ஆறரை இருக்கும். ஊர் முழுக்க இருட்டும் நீலமுமாகக் கிடக்கிறது, அடிவாரம் கண்ணுக்கே தெரியவில்லை. உச்சியில் மட்டும், ஊசிபோல நிற்கிற அந்தப் பாறைகளின் நுனியில் மட்டும், செக்கச்செவேல் என்று ஒரு ஒளி பிடித்தது. கிழக்கே சூரியன் எங்களுக்கு இன்னும் உதிக்கவில்லை, அவ்வளவு உயரத்துக்கு உதித்துவிட்டது. பிடித்த ஒளி மெதுவாகக் கீழே இறங்கியது. அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“மலையில தீபம் ஏத்தியாச்சு” என்றார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

நானும் கும்பிட்டேன். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. காபி ஆறிப்போயிருந்தது.

பத்து மைல் வடக்கே மன்சனார். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை, பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களை, குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து அடைத்து வைத்த முகாம்களில் ஒன்று. 1942-இலிருந்து 1945 வரை, ஒரு சமயத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல். முள்வேலிக்குள் இருந்துகொண்டே அவர்கள் தோட்டமும் குளமும் கட்டியிருக்கிறார்கள். அந்தக் குளங்களின் கல்வரிசை இப்போதும் மண்ணுக்குள்ளிருந்து தெரிகிறது. கல்லறையில் ஒரு வெள்ளைத் தூண், 1943-இல் அவர்களே எழுப்பியது. சுற்றியுள்ள வேலியில் வந்தவர்கள் கட்டிவிட்டுப் போன காகிதக் கொக்குச் சரங்கள். மகள், “இவங்க என்ன தப்பு பண்ணாங்க?” என்றாள். ஒரு தப்பும் பண்ணவில்லை என்றேன். அவளிடம் வேறெதுவும் சொல்ல முடியவில்லை. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

மூன்று மணி நேரம் ஓட்டி, மறுபடி அதே ஆரஞ்சுத் தோப்பு. வழியில் ஒரு மெக்சிகன் கடையில் நிறுத்தச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் கார்த்திகைக்குப் பனையோலைக் கொழுக்கட்டை இல்லாமல் முடியாது. குருத்தோலைக்குள் மாவை வைத்துக் கட்டி அவிக்கும்போது ஓலை வாசம் மாவில் இறங்கும். இங்கே பனையோலைக்கு எங்கே போவது என்று அம்மா இரண்டு நாளாக வருத்தத்தில் இருந்தார். தமாலே என்கிற அவித்த மாவுப் பலகாரம் செய்ய மெக்சிகோக்காரர்கள் உலர்ந்த மக்காச்சோள மடலைப் பயன்படுத்துவார்கள், கடையில் கட்டுக்கட்டாக இருந்தது. ஒரு கட்டு வாங்கி வந்தேன். அம்மா முகர்ந்து பார்த்தார். “பரவால்ல. காஞ்ச ஓல வாசந்தான்.”

இன்று ஹூக்கப் இருக்கிறது, தண்ணீருக்குக் கணக்கில்லை. மடலை வெந்நீரில் ஊறவைத்தோம். அரிசி மாவு, வறுத்த பாசிப்பருப்பு, தேங்காய், சுக்கு, ஏலம், ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்த உடன்குடி கருப்பட்டி. மடலுக்கு நடுவே மாவை நீளமாக வைத்து மடித்து, அதே மடலில் கிழித்த நாரால் கட்டினோம். மகள் கட்டியது அவிழ்ந்துகொண்டே இருந்தது. ஆச்சி அவள் விரலைப் பிடித்து முடிச்சைப் போட்டுக் காட்டினார். குக்கரில் இருபது நிமிஷம். திறந்தபோது வந்த மணத்தில் கருப்பட்டியும் சுக்கும் முன்னால் வந்தன. ஓலை வாசனை கொஞ்சம் தள்ளித்தான் வந்தது, ஆனால் வந்தது.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. அரிசிப் பையிலிருந்து பதினொரு அகல். வண்டியின் படிக்கட்டில் இரண்டு, மேசையில் ஏழு, ஆரஞ்சு மரத்துக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் இரண்டு. காற்று இல்லை. கிழக்கே முழு நிலா எழும்பி வந்தது. அதற்குச் சற்று மேலே, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு, கார்த்திகைப் பெண்கள். இந்த நாளுக்கு ஏன் கார்த்திகை என்று பெயர் என்பதை வானத்தைக் காட்டியே குழந்தைகளுக்குச் சொல்ல முடிந்தது. நடைப்பயிற்சி போன ஒரு வயதான தம்பதி நின்று, என்ன விசேஷம் என்று கேட்டார்கள். அம்மா ஆளுக்கொரு கொழுக்கட்டை கையில் கொடுத்தார். அவர்கள் மடலைப் பார்த்ததும், “ஆ, தமாலே!” என்றார்கள்.

திங்கள், நவம்பர் 27. ஃப்ரீமாண்ட்

பிற்பகல் இரண்டு மணிக்கு வீடு வந்தோம். மொத்தம் 1,100 மைலுக்குக் கொஞ்சம் மேல். வண்டியை நாலரைக்குள் ஒப்படைக்க வேண்டும். வாசலில் நிறுத்திச் சாமான்களை இறக்கினோம்.

நல்ல தண்ணீர் டேங்கில் மிச்சமிருப்பதைத் திறந்து சாக்கடையில் விடப் போனார் இவர். அம்மா உள்ளேயிருந்து வந்துவிட்டார். “மாப்பிள்ள, நில்லுங்க.” வீட்டிலிருந்த வாளி, குடம், பெரிய குக்கர் எல்லாம் வாசலுக்கு வந்தன. வண்டிக்கு அடியில் இருக்கிற குழாயைத் திறந்து திறந்து பிடித்தோம். ஏழு வாளி. மகளும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், கொல்லையில் கறிவேப்பிலைக்கும் மல்லிக்கும் ஊற்றினார்கள். ஆச்சி வாசலில் நின்று, “சிந்தாம போங்க மக்கா, சிந்தாம” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.